ஏன் போனார்கள் என்று எப்படிக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஆங்கிலப் பேச்சு வகுப்புகளில் 'மக்கள் ஏன் வெளிநாடு செல்கிறார்கள்' என்ற பாடம் உயிரில்லாமல் நடத்தப்படுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவை என்பதில் வியப்பில்லை. இம்முறை பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். ஒற்று மிகும் இடங்களைப் பற்றிக் கேட்டிருக்கும் வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் நர்சிங் படிக்கும் மாணவியருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் பாடநூலில் குடிபெயர்வு பற்றி ஒரு பாடம் இருக்கிறது. ஒரு விமான நிலையப் படம், அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஊரை விட்டுத் தள்ளும் காரணங்களையும் மற்றொன்றில் வெளிநாடு இழுக்கும் காரணங்களையும் எழுத வேண்டும். மாணவியர் ஐந்தே நிமிடத்தில் 'வேலையில்லை', 'நல்ல சம்பளம்' என்று நிரப்பிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். மீதி நாற்பது நிமிடத்தை என்ன செய்வது? – ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: கட்டங்களை நிரப்பிய மாணவியர் மீது குற்றமில்லை. 'ஏன் போனார்' என்று கேட்டால் 'சம்பாதிக்க' என்று ஒரே சொல்லில் விடை வந்து விழுந்துவிடுகிறது, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அதே மனிதரைப் பற்றி 'எப்படிப் போனார்' என்று கேட்டுப் பாருங்கள். யார் சொல்லிப் போனார், டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எதை அடகு வைத்தார்கள், உடன் யார் போனார்கள், வீட்டில் யார் இருந்தார்கள், முதல் மாதச் சம்பளம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? இவற்றில் எதற்கும் ஒரு சொல்லில் விடை சொல்ல முடியாது. வாக்கியம் வேண்டும், அதுவும் காலம் காட்டும் வினையோடு கூடிய முழு வாக்கியம் வேண்டும். மொழி வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது. 'ஏன்' என்பது கடைசியில் தானாக வெளியே வரும், அப்போது அது பெரும்பாலும் கட்டத்துக்குள் அடங்காததாகவும் இருக்கும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து ஏராளமானோர் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். 'கண்டிச் சீமைக்குப் போனான்' என்பது அந்நாளைய பேச்சு. ஏன் போனார்கள் என்றால் பஞ்சம், கடன் என்று முதல் கட்டத்தில் எழுதிவிடலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தை அறிந்தவர்கள் அதைத் தவறென்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் எப்படிப் போனார்கள் என்று கேட்டால் கங்காணி வருகிறார். அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், தெரிந்தவர், சில வேளைகளில் உறவினர். முன்பணம் கொடுத்து, வழிச்செலவைத் தாமே ஏற்று, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். அந்த முன்பணமும் வழிச்செலவும் போனவரின் பெயரில் கடனாக ஏறிவிடுகின்றன. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், பாக்கித்தொகை குறித்த ஒரு சீட்டை வாங்கிக்கொண்டுதான் மாற வேண்டும், புதிய தோட்டம் அந்தப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆக, கடனுக்குத் தப்பிப் போனவரைப் பின்தொடர்ந்து இன்னொரு கடனும் கடல் தாண்டிப் போயிற்று. இதைத் தள்ளும் காரணத்தில் எழுதுவதா, இழுக்கும் காரணத்தில் எழுதுவதா என்று உங்கள் மாணவியரைக் கேளுங்கள். அந்த வாக்குவாதம் இருபது நிமிடம் ஓடும்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். தொடக்கத்தில் அம்மலைகளில் பயிரானது காப்பி. காப்பிப்பழம் பறிப்பது ஆண்டில் சில மாத வேலையாதலால், ஆண்கள் போய், பறித்துக் கொடுத்துவிட்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு ஊர் திரும்பிவிடுவது வழக்கமாக இருந்தது. 1869-இல் காப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. அதற்குப் பெண்களின் கைகளும் வேண்டியிருந்ததால் குடும்பங்கள் குடும்பங்களாகப் போய், லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கிவிட்டன. அதே ஊர், அதே வறுமை, அதே மலை. திரும்பி வருவதா இல்லையா என்பதைப் பெருமளவு செடிதான் முடிவு செய்தது. 'மக்கள் ஏன் வெளிநாட்டில் தங்கிவிடுகிறார்கள்' என்ற பாடநூல் கேள்விக்குக் 'காப்பிச் செடிக்கு நோய் வந்ததால்' என்று ஒரு மாணவி எழுதினால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இலக்கணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் 'அப்பா துபாய் போயிருக்கிறார்' என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் பொருள்படும், முன்பு ஒருமுறை போய் வந்திருக்கிறார் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கான் டு' என்பதும் 'ஹேஸ் பீன் டு' என்பதும் வேறு வேறு. முதலாவதைச் சொன்னால் அப்பா வீட்டில் இல்லை, இரண்டாவதைச் சொன்னால் திண்ணையில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருக்கிறார். வேறு ஊர்களில் இந்த வேறுபாட்டை விளக்க அரை மணி நேரமாகும். நம் பக்கத்தில் ஒரே எடுத்துக்காட்டில் பிடித்துக்கொள்கிறார்கள்.

என் மாலை வகுப்பில் ஒரு மாணவி, 'எப்படிப் போனார்' என்ற கேள்விக்கு, 'மை அங்கிள் வென்ட் டு துபாய் பை மை ஆன்ட்ஸ் செயின்' என்று எழுதினாள். வகுப்பு சிரித்தது. 'பை' என்பது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் வரும், சங்கிலிக்கு வராது என்று நானும் சிவப்பு மையால் அடித்தேன். அத்தையின் சங்கிலி இல்லாமல் விமானம் கிளம்பியிராது என்பது வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. மறுநாள் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, இதைத் திருத்தாமல் விரித்து எழுதுங்கள் என்றேன். எந்தப் பாடநூல் பயிற்சிக்கும் அன்று போல் பக்கங்கள் நிரம்பியதில்லை.

கேள்வி: பொதுத்தேர்வில் குடிபெயர்வு பற்றிய கட்டுரையைத் 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று தொடங்கலாமா? – ஒரு மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: தொடங்கலாம். தாளைத் திருத்துபவர் அன்று அதை நாற்பதாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனார் சிங்கப்பூர் போனவர். என் தந்தை சவூதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அண்ணன் இப்போது கனடாவில் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறான். மூவரையும் 'புலம்பெயர்ந்தோர்' என்று ஒரே சொல்லால் குறிப்பது சரிதானா? – ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: பிழையென்று சொல்ல முடியாது, ஆனால் சோம்பல் என்று சொல்வேன். நம் மக்களின் பேச்சு இதைவிட நுட்பமானது. 'பஞ்சம் பிழைக்கப் போனான்' என்பது வேறு, 'கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனார்' என்பது வேறு. உங்கள் ஊரிலும் காயல்பட்டினம், மேலப்பாளையம் போன்ற ஊர்களிலும் 'சபர் போயிருக்கிறார்' என்றால் ('சபர்' என்பது பயணம்) அதற்குள் திரும்பி வருவார் என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்திறங்கினால் 'லீவில் வந்திருக்கிறாரா, கேன்சலில் வந்திருக்கிறாரா' என்றுதான் தெருவில் முதலில் கேட்பார்கள். முன்னதற்கு இரண்டு மாதத் தங்கல், பின்னதற்கு விசா முடிந்து வாழ்க்கையை மறுபடி தொடங்குவது என்று பொருள். இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் செய்தியைப் பாடநூல் ஒரு பத்தியில் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுத்துத் தமிழிலும் சொற்கள் உண்டு, அவற்றைக் கலக்காமல் ஆள வேண்டும், அவ்வளவுதான். 'குடிபெயர்தல்' என்றால் குடியே பெயர வேண்டும். உங்கள் அண்ணன் விண்ணப்பம் கைகூடினால் குடிபெயர்ந்தவர் ஆவார். உங்கள் தந்தை இருபத்திரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தும் குடி கடையநல்லூரிலேயே இருந்தது. வளைகுடா நாடுகள் வேலைக்கு வருபவருக்குக் குடியுரிமை தருவது மிக அரிது, குறைந்த சம்பளக்காரர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் விதிகள் இடம் தருவதில்லை. ஆகையால் அவர் ஒப்பந்தத் தொழிலாளராகவே போய், ஒப்பந்தத் தொழிலாளராகவே திரும்பினார். 'புலம்பெயர்ந்தோர்' என்பது இன்று பத்திரிகைத் தமிழில் பெரும்பாலும் போரினால் உலகெங்கும் சிதறிய ஈழத்தமிழரைக் குறிக்கிறது. எல்லோருக்கும் அதைப் போர்த்தினால் அவர்கள் கதை மங்கிவிடும்.

'அகதி' என்ற சொல்லுக்குச் சட்டப்பொருள் உண்டு. இனம், சமயம், அரசியல் கருத்து போன்றவற்றால் தமக்குத் துன்பம் நேரும் என்ற தக்க அச்சத்தினால் நாட்டை விட்டு வெளியேறியவர் என்று 1951-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. நம் பக்கத்திலும் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்களை, 2021 முதல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கிறது. பெயர் மாறியதும் மாறாததும் உள்ளே வாழ்பவர்கள் சொல்ல வேண்டியவை.

என்னை எப்போதும் உறுத்தும் சொல் 'தாயகம் திரும்பியோர்' என்பது. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அப்படி வந்தவர்களில் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள், இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்த்திராதவர்கள். பார்க்காத ஊருக்கு எப்படித் 'திரும்ப' முடியும்?

உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க எளிய வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'பெயர்ந்தார்' என்பது தன்வினை, 'பெயர்த்தார்கள்' என்பது பிறவினை, 'பெயர்க்கப்பட்டார்' என்பது செயப்பாட்டுவினை. ஒரு குடும்பக் கதையைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்திலும் இம்மூன்றில் எது பொருந்தும் என்று கேளுங்கள். போனாரா, அனுப்பினார்களா, துரத்தப்பட்டாரா என்பது அங்கே தெளிந்துவிடும்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்தும் தனுஷ்கோடியிலிருந்தும் இலங்கைக்குக் கப்பல் போனதாக என் மாமா சொல்கிறார். சென்னையிலேயே கொழும்புக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றும் சொல்கிறார். மிகைப்படுத்துகிறாரா? – ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மாமாவை நம்பலாம். தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கிப் பிரிட்டிஷ் கப்பல்களோடு போட்டியிட்டார். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் போகலாம். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்தது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்களுக்குப் பயணம் இவ்வளவு நேராக அமையவில்லை. நோய்த்தடுப்பு என்ற பெயரில் அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, சோதித்த பிறகே அனுப்பினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. சில வாரங்களுக்கு முன்புதான் ஐந்தே கால் லட்சம் பேரை இக்கரைக்கு அனுப்புவதென்று கையெழுத்தாகியிருந்தது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது.

வகுப்புக்கு இது நல்ல பொருள். வரைபடத்தை விரித்து, ஒருவரைத் தூத்துக்குடித் துறைமுகத்திலும் ஒருவரைக் கொழும்புத் துறைமுகத்திலும் நிற்கச் சொல்லுங்கள். கப்பலில் போகிற ஒரே ஆளை இக்கரையில் நிற்பவர் 'எமிக்ரன்ட்' என்பார், அக்கரையில் நிற்பவர் 'இமிக்ரன்ட்' என்பார். ஆண்டுக்கணக்கில் குழப்பும் இரண்டு சொற்கள் அரை நிமிடத்தில் நிலைத்துவிடும். கப்பலை எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து, தமிழ் படித்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டு, அந்த ஊரிலேயே புதைக்கப்பட்டார். யாரோ ஒருவருக்கு நம் ஊர்தான் வெளிநாடு.

கேள்வி: எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார். உலகமே இப்படித்தான் ஆகிவிட்டதா? – ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: இல்லை. பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள் 2020-இல் உலகில் சுமார் 28.1 கோடிப் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. மக்கள்தொகையில் அது 3.6 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். நகர்பவர்களிலும் பெரும்பாலோர் அண்மையிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதை 1885-இலேயே குடிபெயர்வை ஆராய்ந்த ராவன்ஸ்டீன் என்பவர் எழுதிவைத்தார். உங்கள் தெருவில் 'வெளியே' இருப்பவர்களில் எத்தனை பேர் சென்னையில் மளிகைக் கடையிலும், பம்பாய்த் தாராவியிலும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காமல் நின்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மாஞ்சோலைத் தோட்டத்துக்காக 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபின், மலையேறிப் போய்ப் பல தலைமுறை வாழ்ந்தவர்கள் மாவட்ட எல்லையைக் கூடத் தாண்டவில்லை, ஆனால் இறங்கி வரும்போது அவர்களுக்கும் ஊர் புதிதாகத்தான் இருந்தது. மற்றவர்கள் ஏன் போகவில்லை என்பதையும் வகுப்பில் ஒருமுறை கேளுங்கள். நிலம், வயதான தாய், பீடித்தட்டு, பயம், போதுமென்ற மனம் என்று விடைகள் வரும். போனவர்களைப் பற்றிய விடைகளைவிட அவை பலவிதமாக இருக்கும்.

கேள்வி: வட மாநிலங்களிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லித் தருகிறேன். சென்ற மாதம் பேச்சுப் பயிற்சிக்காக ஒருவரிடம் 'நீங்கள் ஏன் ஊரை விட்டு வந்தீர்கள்' என்று கேட்டேன். அவர் பேசவில்லை. அதன் பிறகு வகுப்புக்கும் வரவில்லை. நான் செய்தது தவறா? – ஒரு தன்னார்வலர், வள்ளியூர்

பதில்: தவறுதான், ஆனால் அதை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு எதிர்காலம் கற்பிக்கும்போது, வெளிநாட்டில் தந்தை இருந்த ஒரு சிறுமியிடம் 'உன் அப்பா எப்போது வருவார்' என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 'ஹி வில் கம் நெக்ஸ்ட் மன்த்' என்று பிழையில்லாமல் சொன்னாள். வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். அந்தத் தந்தையிடமிருந்து மூன்று ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லை என்பதை அவள் பாட்டி கட்டணம் கட்ட வந்தபோது சொன்னார். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

குடிபெயர்வைப் பாடமாக வைப்பவர்கள் மறந்துவிடும் செய்தி இது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பாடமாக இருக்க வேண்டியதில்லை, நேற்று நடந்ததாக இருக்கலாம். 'நீங்கள்' என்று தொடங்கும் கேள்வியை நேரே வீசக்கூடாது. ஒரு படத்தைக் கொடுத்து, இவர் யார், எங்கிருந்து வருகிறார், பெட்டியில் என்ன வைத்திருப்பார் என்று படர்க்கையில் பேச விடுங்கள். விரும்புகிறவர் தம் கதையை அந்தப் படத்தில் இருப்பவர் மேல் ஏற்றிச் சொல்லிவிடுவார். விரும்பாதவர் கற்பனையாகச் சொல்வார். அது எது என்று நீங்கள் துருவக் கூடாது. மொழி வகுப்பில் மாணவருக்குப் பொய் சொல்லும் உரிமை இருக்க வேண்டும்.

இன்னொன்று. அவருக்குத் தமிழ் முதலில் எதற்கு வேண்டும்? தம் வரலாற்றைச் சொல்வதற்காக இராது. 'சம்பளம் இன்னும் வரவில்லை', 'முன்பணத்தில் எவ்வளவு கழித்தீர்கள்', 'எனக்குக் காய்ச்சல், இன்று வர முடியாது', 'நாகர்கோவில் பஸ் எங்கே நிற்கும்' என்ற வாக்கியங்களுக்காக இருக்கும். முன்பணம், பாக்கி, கழிவு, மேஸ்திரி என்ற நான்கு சொற்களை வைத்தே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நடத்தலாம். கண்டிச் சீமைக்குப் போன நம் ஆட்களுக்கும் இந்தச் சொற்கள்தான் வேண்டியிருந்தன. போன அந்த இளைஞரைக் கண்டால் மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாமல், வரும் வாரம் கணக்குப் பார்க்கும் பாடம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மேல்நிலை மாணவர்களுக்கு இப்பொருளில் படிக்கக் கொடுக்கத்தக்க பாடம் வேண்டும். கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. – அரசுப் பள்ளி ஆசிரியர், தென்காசி

பதில்: கட்டுரையை விட்டுவிடுங்கள். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைக் கொண்டு வாருங்கள். 'உடனடித் தேவை, ஹெல்பர், கொத்தனார், டிரைவர், சாப்பாடு தங்குமிடம் இலவசம், ஓ.டி. உண்டு, நேரில் வரவும்' என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பது எளிய பயிற்சி. என்ன இல்லை என்று கேட்பதுதான் வாசிப்பு. வேலை கொடுப்பவர் பெயர் இராது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பது இராது, ஏஜென்ட்டின் பதிவு எண் இராது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அச்சட்டத்தின் விதிகள் அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்தை வரிநீங்கலாக 30,000 ரூபாய்க்குள் நிறுத்தின. உங்கள் மாணவர்களின் வீடுகளில் கொடுத்த தொகை எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் கேட்க வேண்டாம்.

அடுத்ததாகப் பாஸ்போர்ட்டை வைத்து ஒரு வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேறாதவருடைய பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அதன் பொருள். பத்தாம் வகுப்பு எதற்கு என்று கேட்கும் பையனிடம் நான் அறிவுரை சொல்வதில்லை, அந்தப் பக்கத்தைக் காட்டுவேன். பழைய நாளில் இலங்கைத் தோட்டத் தொழிலாளி கழுத்தில் மாட்டிக்கொண்டு போன தகரச் சீட்டும் இதற்கு உறவுதான். எழுத்தறியாதவர் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதை எண்ணிட்ட அந்தத் தகரத்துண்டு சொல்லும். ஒரு தாள் அல்லது தகரம் ஒருவரைப் பற்றி என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது என்பது வாசிப்புப் பாடத்துக்கு உரிய கேள்வியே.

கேள்வி: கல்லிடைக்குறிச்சிதான் சொந்த ஊர், இப்போது சிங்கப்பூரில் இருக்கிறோம். என் மகளுக்குத் தமிழ் வகுப்பில் 'நம் குடும்பம் ஏன் இங்கே வந்தது' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் என் மாமியாரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதினாள். 'தாத்தா போனாவ', 'சொன்னாவ' என்று எழுதியதை எல்லாம் அடித்துத் திருப்பித் தந்துவிட்டார்கள். என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மகளின் ஆசிரியர் செய்ததில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டுரையில் 'போனார்கள்' என்றுதான் வர வேண்டும், தேர்வு எழுதும் பிள்ளைக்கு அதைப் பழக்காமல் விடுவது அவளுக்குச் செய்யும் உதவியாகாது. ஆனால் 'போனாவ' என்பது பிழையில்லை, திருநெல்வேலிப் பேச்சில் மரியாதைப் பன்மை. மேற்கோள் குறிக்குள் பாட்டியின் பேச்சாக அதை நிறுத்திவிட்டால் இரண்டும் இருக்கும். கதை சொல்பவள் 'போனார்கள்' என்பாள், பாட்டி 'போனாவ' என்பார். ஒரே தாளில் இரண்டு ஊர்த் தமிழை ஆளக் கற்றுக்கொள்வதும் அந்தப் பாடத்துக்குள் அடங்கியதுதான்.

நம் பக்கத்தவருக்குச் சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வி புதிதும் அன்று. கடையநல்லூரிலிருந்து போனவர்கள் அங்கே சங்கம் அமைத்து, 1946-இல் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, எட்டயபுரத்தில் வாழ்ந்த உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பள்ளி பின்னாளில் மூடப்பட்டாலும், அந்தப் பெயர் இன்றும் அந்நாட்டின் தமிழ்மொழி நிலையம் ஒன்றின் வாசலில் இருக்கிறது. உங்கள் மகள் அந்த வழியாகப் போனால் நின்று படிக்கச் சொல்லுங்கள்.

கட்டுரையை மறுபடி எழுத வேண்டியிருப்பதால், மாமியாரை இன்னொரு முறை அழைப்பீர்கள் அல்லவா? என் பாட்டி தம் அண்ணனைப் பற்றி எனக்குச் சொன்னது மொத்தமும் மூன்று வாக்கியங்கள்: 'கொளும்புக்குப் போனாவ. காயிதம் வந்துச்சு. பொறவு காயிதமும் வரல.' நான் ஏன் போனார் என்று மட்டுமே கேட்டேன், அதனால் எனக்கு அவ்வளவுதான் கிடைத்தது. உங்கள் மகள் தாத்தா கிளம்பிய நாளைப் பற்றிக் கேட்கட்டும். அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், பெட்டியைத் தூக்கியது யார், பஸ் ஏற்றிவிட எதுவரை போனார்கள், திரும்பி வந்து பாட்டி அன்று என்ன சமைத்தார்? தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், மாமியார் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம்.